உயரந் தாண்டிய தமிழர் இருவர்

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்ட அளவிலே, அது சிறுவர்க்கு உரியது, ஏட்டுக் கல்விக்கு இடையூறானது என்று கருதுவோர் இன்றும் நம்மிடையே உளர். ஆயினும், தூய பவுலடிகள் கொரிந்து நகரத்துச் சபையாருக்கு நிருபம் வரைந்தபோது, விசுவாச வாழ்வின் இயல்பை விளக்குதற்கு ஓட்டப் பந்தயத்தையே உவமையாக எடுத்தாண்டார். அந்நகரின் அண்மையில் ஈராண்டுக்கு ஒருமுறை விளையாட்டுப் பெருவிழா நிகழ்வது வழக்கம். ஆதலின், கேட்போர் கண்ணாற் கண்ட பொருளைக் கொண்டே காணாப் பொருளை உணர்த்தினார். நம் வள்ளுவரும் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். உடலைப் பயிற்றி ஒரு குறிக்கோளை நோக்கிச் செலுத்துதல் கற்றோர் ஆராய்தற்குரிய பொருளே என்பது இவற்றாற் பெறப்படும்.

உலக நாடுகள் கூடி ஆடும் பெருவிழாக்களில் தமிழர் பெற்ற வெற்றிகள் பல. அவை யாவற்றையும் தொகுத்துரைக்கப் புகின், இக்கட்டுரை வெறும் பெயர்ப்பட்டியலாய் முடியும். ஆதலின், உயரந் தாண்டல் என்னும் ஓர் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் புகழ் நாட்டிய இருவர் வரலாற்றை ஆராயத் துணிகின்றோம். ஒருவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். மற்றவர் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு. இருவர்க்கும் இடையே அறுபது ஆண்டளவு காலமும், ஒரு கடலும், வாழ்க்கை நிலையில் பெரியதொரு வேற்றுமையும் உண்டு. எனினும் அவ்விருவர் வரலாறும் ஓர் உண்மையையே நமக்குக் கற்பிக்கின்றன. தாண்டுவோனைக் காண்போர் உயரத்திலுள்ள கோலையே நோக்குவர். அவன் எவ்வளவு உயரம் எழக்கூடும் என்பதை வரையறுப்பதிலோ, அவன் வீழும் இடத்திற்கும் பெரும்பங்கு உண்டு. இதனை விளக்கி, நம் ஜவ்வாது மலைச் சிறாரின் நிலையோடு பொருத்திக் காட்டுதலே எமது நோக்கம்.

முதற்கண் இவ்வாட்டத்தின் இலக்கணத்தை அறிதல் வேண்டும். இரண்டு கம்பங்களுக்கு இடையே நான்கு மீட்டர் நீளமுள்ள மெல்லிய கோல் ஒன்று கிடத்தப்படும். தாண்டுவோர் ஓடிவந்து, ஒற்றைக் காலை ஊன்றி எழுந்து, கோல் வீழாவண்ணம் அதனைக் கடத்தல் வேண்டும். இரு காலையும் சேர ஊன்றி எழுதல் விதிக்கு மாறு. கோல் சிறிது சிறிதாக உயர்த்தப்படும். விரும்பினால் ஓர் உயரத்தைத் தாண்டாமலே விட்டு அடுத்ததற்குச் செல்லவும் உரிமை உண்டு. ஆனால், தொடர்ந்து மூன்று முறை தவறியவர் ஆட்டத்தினின்று நீங்குவர். இருவர் ஒரே உயரத்தோடு நிற்பாராயின், அவ்வுயரத்தில் குறைவாகத் தவறியவரே முந்தியவர். அதிலும் ஒத்திருப்பின், அதுவரை நேர்ந்த தவறுகள் யாவும் எண்ணப்படும். இவ்விதிகளால் ஒரு புதுமை விளைகின்றது. ஓட்டப் பந்தயத்தில் வென்றவனுடைய ஓட்டம் வெற்றியோடு முடிகின்றது. உயரந் தாண்டலிலோ, பொற்பதக்கம் பெற்றவனும் பெரும்பாலும் இறுதியில் ஒரு கோலைத் தட்டி வீழ்த்திவிட்டே களத்தை விட்டு நீங்குகின்றான். தன் எல்லை இதுவெனக் கண்டபின்னரே அவன் ஆட்டம் முடிகின்றது. தோல்வியின்றி முடியாத இவ்வாட்டத்தைப் போல மனத்தைப் பண்படுத்துவன சிலவே.

தாண்டும் முறைகள் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. பழைய முறை கத்தரி முறை எனப்படும். உடல் நிமிர்ந்திருக்க, கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தரியின் அலகுகளைப் போலக் கோலைக் கடக்கும். இறங்குங்கால் காலூன்றி இறங்கலாம். ஆயின் இம்முறையில் வீண்செலவு ஒன்று உண்டு. ஒவ்வோர் உடலிலும், அதன் எடை முழுதும் திரண்டு நிற்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி ஒன்றைக் கணித்து, அதனை ஈர்ப்பு மையம் என்பர். நிற்கும் மனிதனுக்கு அது ஏறத்தாழ உந்தியின் அளவில் அமைவது. நிமிர்ந்தபடியே தாண்டுவோன் அம்மையத்தைக் கோலுக்கு மேல் வெகுதூரம் உயர்த்த வேண்டியவனாகின்றான். பின்வந்தோர் கோலின்மேல் உடலைப் படுக்கையாய்க் கிடத்திப் புரண்டு செல்லும் முறைகளைக் கண்டு, அவ்வீண்செலவைக் குறைத்தனர்.

1968ஆம் ஆண்டு மெக்சிகோ நகரத்து ஒலிம்பிக் விழாவில், அமெரிக்கரான டிக் பாஸ்பரி என்பவர் கண்டோர் வியக்கும் புதுமுறை ஒன்றைக் கையாண்டார். வளைந்து ஓடிவந்து, முதுகைக் கோலுக்குக் காட்டி, தலை முன்செல்ல, உடலை வில்லென வளைத்து அவர் 2.24 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். வளைந்த உடலின் தலையும் கால்களும் கோலின் இருபுறமும் தாழ்ந்திருத்தலின், உடல் முழுதும் கோலைக் கடந்தும், ஈர்ப்பு மையம் கோலுக்குக் கீழாகவே செல்லுதல் கூடும். காலின் விசை கூடாமலே தாண்டும் உயரம் கூடுகின்றது. இன்று உலகின் முன்னணி வீரர் ஏறத்தாழ யாவரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர். கியூபா நாட்டு ஹாவியர் சோட்டோமாயர் 1993ஆம் ஆண்டில் தாண்டிய 2.45 மீட்டரே உலகச் சாதனையாக நிற்கின்றது. நம் ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வுக் கூடத்திலுள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அவ்வாடியை நிமிர்த்தி நிறுத்தினாலும், அதற்குமேல் 11 சென்டிமீட்டர் உயர்ந்து செல்லும் தாண்டல் அது என்றால், அதன் அருமை ஒருவாறு விளங்கும்.

இத்துணை நலமுடைய முறை முன்னரே பரவாமை என்ன காரணத்தால்? முன்னோர் அறிவிற் குறைந்தவர் என்பது விடையாகாது. முற்காலத்தில் தாண்டுவோர் மணலிலும் மரத்தூளிலுமே வீழ்ந்தனர். ஆறடிக்கு மேலான உயரத்தினின்று முதுகும் கழுத்தும் படும்படி மணலில் வீழ்தல் உயிருக்கே ஊறு விளைக்கும். ஆதலின் காலாலோ கையாலோ ஊன்றி இறங்கத்தக்க முறைகளையே அவர்கள் கொண்டனர். தடித்த நுரைமெத்தைகள் களத்திற்கு வந்தபின்னரே, முதுகுபட வீழும் துணிவு மனிதனுக்கு உண்டாயிற்று. கோலை எவரும் தாழ்த்தவில்லை. வீழுமிடத்தை மெத்தென்று ஆக்கினர். அதனால் மனிதன் முன்னினும் உயர்ந்து எழுந்தான். இதனை மனத்திற் கொண்டு இருவர் வரலாற்றையும் நோக்குவோம்.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1934ஆம் ஆண்டில் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்றவர். அது மெதடிஸ்த மிஷனரிமாரால் வளர்க்கப்பெற்ற கல்லூரி. தமிழ் பயிலும் நமக்கு அதன் தொடர்பு புதியதன்று. ஆறுமுக நாவலர் கற்றதும், கற்பித்ததும், பெர்சிவல் பாதிரியாருக்குத் திருமறையின் தமிழ் மொழிபெயர்ப்பில் துணை நின்றதும் அக்கல்லூரியின் முன்னோடியாகிய ஆங்கிலப் பாடசாலையிலேயாம். உரைநடைக்கு ஒரு நாவலரை அளித்த கல்விச்சாலை, ஒரு நூற்றாண்டின் பின்னர் விளையாட்டுக் களத்திற்கும் ஒரு பெருவீரரை அளித்தது.

1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரத்து ஒலிம்பிக் விழாவில் இலங்கையின் சார்பாக இவர் தாண்டியபோது, இவருக்குப் பதினெட்டாண்டும் நிரம்பவில்லை. நான்காண்டு கழித்து மெல்போர்ன் நகரத்து ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். இரண்டிலும் பதக்கம் கிட்டவில்லை. அமெரிக்க நாட்டிற் பல்கலைக்கழகக் கல்வியோடு பயிற்சியையும் விடாது தொடர்ந்தார். 1958ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் மூன்றாம் ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. இந்தியாவின் மில்கா சிங் 200 மீட்டர், 400 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் பொற்பதக்கம் வென்ற விழா அது. அங்கே எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர், அஃதாவது ஏறக்குறைய 6 அடி 8 அங்குலம் தாண்டி முதல்வரானார். ஆசிய விளையாட்டு விழாக்களில் இலங்கை பெற்ற முதற் பொற்பதக்கம் அதுவே. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த அடுத்த விழாவிலும் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

பதக்கத்தோடு இவர் வரலாறு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஆப்பிரிக்க நாடுகளில் கல்விப் பணி ஆற்றினார். முதிர்ந்த வயதிலும் தாய்நாட்டின் வடபகுதி மாணவரிடையே விளையாட்டு வளர உழைத்தார். 2024ஆம் ஆண்டில் மறைந்தார். இவருக்குக் காலின் வலிமை இயற்கை தந்தது. ஆனால் பள்ளிப் பருவத்திலே களமும், போட்டியும், ஊக்குவார் துணையும் உடைய ஒரு கல்லூரி இல்லாதிருந்தால், அவ்வலிமை யார்க்கும் புலனாகாமலே போயிருக்கும். நுரைமெத்தை தோன்றாத அக்காலத்தில், அக்கல்லூரியே அவருக்கு மெத்தென்ற நிலமாயிற்று என்னலாம்.

எதிர்வீரசிங்கம் இளைஞராய்த் தாண்டிய அந்த ஹெல்சிங்கி விழாவிலே 2.04 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றவர் அமெரிக்கரான வால்ட் டேவிஸ். அவர் சிறுவயதில் இளம்பிள்ளைவாத நோயால் தாக்குண்டு, நடக்கவும் இயலாதிருந்து மீண்டவர். காலில் ஊறுபட்டவன் உயரந் தாண்டுதல் கூடுமோ என்ற ஐயத்திற்கு அவ்விழாவே ஒரு விடை தந்தது. அதனினும் அரிய விடையை அறுபத்து நான்கு ஆண்டுகளின் பின் தந்தவர் நம் மாரியப்பன்.

மாரியப்பன் தங்கவேலு சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி என்னும் ஊரில் 1995ஆம் ஆண்டில் பிறந்தார். ஐந்து வயதில், பள்ளிக்குச் செல்லும் வழியில், பேருந்து ஒன்று மோதி அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அக்கால் பின்னர் வளர்ச்சி குன்றியது. தாயார் சரோஜா கூலி வேலை செய்தும், காய்கறி விற்றும், கடன்பட்டும் மைந்தரைக் காத்தார். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் மாரியப்பனை உயரந் தாண்டலிற் புகுத்தினார். பதினான்காம் வயதில், உடற்குறை அற்ற மாணவரோடே போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். பின்னர்ப் பெங்களூரில் சத்தியநாராயணா என்னும் பயிற்சியாளர் அவரை ஏற்றுப் பயிற்றினார். 2016ஆம் ஆண்டில் துனிசியா நாட்டில் 1.78 மீட்டர் தாண்டி, உடற்குறையுடையோர்க்கு உரிய ஒலிம்பிக் விழாவாகிய பாராலிம்பிக்கிற் புகும் தகுதியைப் பெற்றார்.

அவ்விழாவின் முறை ஒன்றை இங்கே விளக்குதல் நலம். உடற்குறை பலவகைப்படுதலின், ஒத்தவரோடு ஒத்தவர் பொருதற்பொருட்டு வீரர் வகுப்புக்களாகப் பிரிக்கப்படுவர். ஓட்டத்திற்கும் தாண்டலுக்கும் 'டி' என்னும் எழுத்தும், எறிதலுக்கு 'எப்' என்னும் எழுத்தும் குறியாம். எழுத்தை அடுத்து வரும் எண் குறையின் வகையைச் சுட்டும். மாரியப்பன் 'டி-42' என்னும் வகுப்பினர். ஒரு காலின் இயக்கம் பெரிதும் குன்றியவர்க்கு உரியது அது. இப்பிரிவு இரக்கத்தின்பாற்பட்ட சலுகை அன்று. மற்போரில் எடைக்கேற்ற பிரிவு இருத்தல் போல, முயற்சியை முயற்சியோடு ஒப்பிடுதற்கு வகுத்த நடுவுநிலை அளவையே ஆகும்.

2016ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பிரேசில் நாட்டு ரியோ டி ஜனீரோ நகரில் நடந்த பாராலிம்பிக்கில் மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். அமெரிக்காவின் சாம் குரூவும், நம் நாட்டு வருண் சிங் பாட்டியும் 1.86 மீட்டரோடு அவர்க்குப் பின் நின்றனர். மூன்று சென்டிமீட்டர் என்பது இருவிரற் கனத்திற்குச் சிறிது கூடுதல்; அதுவே பொன்னையும் வெள்ளியையும் பிரித்தது. பாராலிம்பிக் விழாக்களில் இந்தியா பெற்ற மூன்றாவது பொற்பதக்கம் அது. ஊன்றி நிற்கத் துணையாகும் இரு கால்களுள் ஒன்று குன்றியவர், தம் தலையையும் கடந்த உயரத்தைத் தாண்டினார் என்பதை நிறுத்தி எண்ணுதல் வேண்டும்.

அதன்பின் நிகழ்ந்தவை முன்னதினும் சிறந்தன என்பது எம் கருத்து. 2021ஆம் ஆண்டு டோக்கியோவில், ஆட்டம் நடக்கையிலே மழை பெய்து களம் நனைந்தது. குன்றிய காலிலிருந்த காலுறை ஈரமாகி இடர் தந்தது. ஆயினும் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார், பொற்பதக்கம் 1.88 மீட்டர் தாண்டிய சாம் குரூவைச் சேர்ந்தது. 2024ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1.88 மீட்டர் தாண்டிப் பொன் வென்றார். அதே ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாராலிம்பிக்கில் 1.85 மீட்டரோடு வெண்கலம் பெற்றார். பொன், வெள்ளி, வெண்கலம் என்னும் வரிசையை இறக்கமாகக் காண்பாரும் உளர். அஃது அறியாமை. அவர் தாண்டிய உயரம் எட்டாண்டில் நான்கு சென்டிமீட்டரே வேறுபட்டது. உடன் ஆடுவோரே வளர்ந்துவிட்டனர். பாரிஸில் முதல்வரான அமெரிக்க இளைஞர் எஸ்ரா பிரெச் தாண்டியது 1.94 மீட்டர். உலகமெலாம் முன்னேறுங்கால், அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக் விழாக்களிலும் பதக்கமேடை ஏறிய முதல் இந்தியர் இவரே என்பது அவருடைய ஆள்வினைக்குச் சான்று.

ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் 'பொறி' இன்மை எவர்க்கும் பழியாகாது என்னும் கருத்தை உரைத்து, அறிந்து முயலாமையே பழி என்று முடிக்கின்றார். பரிமேலழகர் பொறி என்பதற்கு விதி என்று பொருள் கொண்டார். உறுப்பு என்று பொருள் கொள்வாரும் உளர். மாரியப்பன் வரலாற்றில் இவ்விரு பொருளும் பொருந்துகின்றன. உறுப்பும் குறைந்தது, விதியும் கொடிதாயிற்று, முயற்சி ஒன்றே குறையவில்லை. ஆயினும், அம்முயற்சியை ஏற்றுத் தாங்கிய தாயையும், ஆசிரியரையும், பயிற்சியாளரையும் மறந்து, 'மனவலிமை இருந்தால் எவரும் வெல்லலாம்' என்று எளிதாக முடித்துவிடுதல் நன்றியின்மையாகும். அவ்வாறு கூறுவோர், வெல்லாதவரெல்லாம் மனவலிமை அற்றவர் என்றும் கூற நேரிடும்.

இனி நம் மலையை நோக்குவோம். பத்துப்பாட்டுள் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளால் ஆயது. செங்கண்மா நகர்க்கு உரிய நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. அச்செங்கண்மாவே இன்றைய செங்கம். அந்நூலுள் பாடப்பெறும் சேயாறு ஜவ்வாது மலையில் தோன்றி இழிவது. வழியின் அருமையையும், மலைவாழ்நரின் விருந்தோம்பும் பண்பையும் புலவர் விரித்துரைக்கின்றார். அன்று போலவே இன்றும் மலையூர்கள் பலவற்றிற்கு வழி அரிது. ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்ச் சிறார் பலர் ஏறியும் இறங்கியும் நடந்தே பள்ளி சேர்கின்றனர்.

இவர்களைக் காணும் சமவெளியார், 'மலைப்பிள்ளைகள் இயல்பாகவே ஓட வல்லவர், தாண்ட வல்லவர்' என்று புகழ்ந்து செல்வது வழக்கம். அப்புகழ்ச்சியால் ஒரு பயனும் இல்லை. மெல்லிய காற்று மூச்சின் வலிமையைப் பெருக்கும் என்பது இரண்டாயிரம் மீட்டரளவான உயரங்களுக்கே பெரும்பாலும் பொருந்தும். நம் மலையின் ஊர்கள் அத்துணை உயர்ந்தவை அல்ல. மலைச் சிறார்க்கு உள்ளது நடந்து உரம்பெற்ற காலும் அஞ்சாத நெஞ்சுமாம். இல்லாதது வீழுமிடம். தாண்டிப் பழக ஒரு குழி, முறை சொல்ல ஓர் ஆசிரியர், போட்டிக்குச் செல்ல வழிச்செலவு, தோற்று மீண்டால் 'மறுமுறை முயல்க' என்று கூறும் ஒரு குரல்: இவை யாவும் வீழுமிடமே. இவை இல்லாத சிறுவனுக்கு ஒரு தோல்வியே இறுதித் தோல்வியாய் முடிகின்றது.

செய்யத்தக்கது பெரிதன்று. மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் இடம் உண்டு, மணலும் உண்டு. கல்லும் வேரும் நீக்கி ஆழக் கிளறிய மணற்குழி ஒன்றும், இரு மூங்கிற் கம்பங்களும், ஒரு கோலும் இருப்பின், இளஞ்சிறார்க்குக் கத்தரி முறையைக் கற்பிக்கலாம். காலூன்றி இறங்கும் அம்முறைக்கு மணல் போதும். முதுகுபட வீழும் முறையை மட்டும் மணலில் ஒருகாலும் பயிற்றலாகாது. அதற்கு ஐந்து மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமுமேனும் உடைய தடித்த மெத்தை வேண்டும். அதனை ஒவ்வொரு பள்ளியும் வாங்குதல் அரிது. பல பள்ளிகள் கூடி ஒன்றைப் பொதுவில் வைத்து ஆளலாம். விடுமுறை நாட்களில் நம் கல்லூரி விளையாட்டு வீரர் சிலர் மலையேறிச் சென்று முறையைக் கற்பிக்கலாம். பழைய மாணவர் சங்கத்தார் ஒரு மெத்தையின் விலையை ஏற்கலாம். கால் குன்றிய பிள்ளையையும் வேலியோரம் நிறுத்தாது களத்தினுள் அழைத்தல், பணச்செலவு ஒன்றும் இல்லாத முதற்கடமை.

மிஷன் கல்லூரி ஒன்றில் பயிலும் நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. யாழ்ப்பாணத்து மிஷன் கல்லூரி ஒன்று ஒரு மாணவனுக்குக் களம் தந்தது. அவன் தன் நாட்டிற்கே முதற் பொன்னைக் கொணர்ந்தான். சேலத்து நாட்டுப்புறப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர், கால் குன்றிய சிறுவனைக் கோலின்முன் நிறுத்தினார். அவன் உலகத்தையே தலைநிமிர்ந்து நோக்கச் செய்தான். அடுத்த வீரன் ஜவ்வாது மலையில் பிறந்திருக்கின்றானோ, பிறந்திருக்கின்றாளோ, நாம் அறியோம். எவ்வளவு உயரம் எழுவர் என்பதும் நம் கையில் இல்லை. அவர்கள் வீழுமிடத்தை மெத்தென்று ஆக்கி வைத்தலோ நம் கையில் உள்ளது. அதனைச் செய்வோமாக.